ஓரையும் இற்செறிப்பும்: சங்க இலக்கியம் காட்டும் சிறார் புறவெளி விளையாட்டு

ஆய்வுச்சுருக்கம்

சிறார் வீட்டிற்கு வெளியே விளையாடுவதன் பயன் குறித்து இக்காலக் கல்வியியலும் உளவியலும் விரிவாகப் பேசுகின்றன. அவ்விளையாட்டை மறுப்பது முறையா என்னும் வினா சங்க அகப்பாடல்களிலேயே எழுப்பப்பட்டுள்ளது. நற்றிணை 68, அகநானூறு 60 ஆகிய பாடல்களை மையமாகக் கொண்டு, புறவெளி விளையாட்டின் பயனாக இலக்கியம் எவற்றைக் காட்டுகிறது, அப்பயன் யாருக்கு மறுக்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஓரை, வண்டல், சிற்றில், ஆயம், இற்செறிப்பு, அறம்.

முன்னுரை

தமிழர் விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்களைத் தொகுத்தல், ஆடுமுறையை விளக்கல், வகைப்படுத்தல் என்னும் நெறியில் அமைந்துள்ளன. தேவநேயப் பாவாணரின் தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூல், ஆடுவோரின் பால், ஆடும் பொழுது ஆகியவற்றின் அடிப்படையில் ஆட்டங்களைப் பகுத்துத் தந்தது. இத்தகைய தொகுப்புப் பணி இல்லையேல் அடுத்த கட்ட ஆய்வு இயலாது. எனினும், விளையாடச் சிறார் எங்குச் சென்றனர், யாருடன் சென்றனர், எப்போது தடுக்கப்பட்டனர் என்பன தனித்துக் கேட்கப்பட வேண்டிய வரலாற்று வினாக்களாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை தோன்றும் களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. ஆகவே, விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதி விலக்குவது தமிழ் மரபுக்குப் பொருந்தாது.

களமும் கருவியும்

சங்கப் பாடல்களில் சிறார் விளையாட்டின் முதன்மைக் களம் மணலும் நீருமே. நெய்தல் நிலச் சிறுமியர் கடற்கரையில் வண்டற்பாவை செய்கின்றனர். தான் செய்த பாவையை அலை கவர்ந்தமையால் சினந்த சிறுமி, நுண்மணலை அள்ளி வீசிக் கடலையே தூர்க்க முனைவதை ஐங்குறுநூறு (124) காட்டுகிறது. தெருவில் இழைத்த மணற்சிற்றிலைக் காலால் சிதைக்கும் சிறுவன் கலித்தொகையில் (51) இடம்பெறுகிறான். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. மாறாக, தச்சன் செய்த சிறுதேரைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகையும் (61), செல்வ மனையின் முற்றத்தில் மூன்று கால் சிறுதேர் உருட்டும் புதல்வரைப் பட்டினப்பாலையும் காட்டுகின்றன. செய்பொருளைச் சார்ந்த விளையாட்டு மனையின் அருகிலும், மணலையும் நீரையும் சார்ந்த விளையாட்டு பொதுவெளியிலும் நிகழ்வதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

விளையாட்டின் பயன்

புறநானூற்றில் (243) தொடித்தலை விழுத்தண்டினார், தடியூன்றி இருமலிடையே சில சொற்களே பேச இயலும் முதுமையில் நின்று தம் இளமையை நினைவுகூர்கிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் ஆடிய மகளிரோடு கைகோத்தது, ஒளிவுமறைவு அறியாத தோழரோடு திரிந்தது, மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவில் பாய்ந்து அடிமணல் அள்ளி வந்தது ஆகியவை அந்நினைவின் கூறுகள். உடல்வன்மை, துணிவு, வஞ்சமற்ற நட்பு ஆகிய மூன்றும் இங்கு ஒரே களத்தில் விளைகின்றன. கரையில் நின்றோர் வியந்தனர் என்பதும் கருதத்தக்கது. இடர் நிறைந்த அவ்விளையாட்டு பிறர் காண நிகழ்ந்ததேயன்றி மறைவில் நிகழ்ந்ததன்று.

நற்றிணை 172ஆம் பாடல் வேறொரு பயனைச் சுட்டுகிறது. ஆயத்தோடு விளையாடியபோது மணலில் அழுத்தி மறந்த புன்னைவிதை முளைக்க, அதனை நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றனர். அன்னை அம்மரத்தைத் தலைவியின் தங்கை என்கிறாள். மரத்தை உறவாகக் கொள்ளும் உணர்வு அறிவுரையால் அன்றி விளையாட்டின் வழியே தோன்றியது என்பதே இப்பாடலின் அடிப்படை.

அறம் என்னும் வாதம்

மேற்கண்ட பாடல்களில் பயன் குறிப்பாகவே வெளிப்படுகிறது. பிரான் சாத்தனாரின் நற்றிணை 68 அதனை வெளிப்படையான வாதமாக்குகிறது. இளையோர் ஆயத்தோடு ஓரையாடாமல் வீட்டினுள் அடைந்திருத்தல் அறமும் அன்று, அதனால் ஆக்கமும் தேயும் என அன்னையிடம் பணிந்து எடுத்துரைப்பார் இருப்பின், புதுநீராட அவள் விடுப்பாளோ எனத் தோழி வினவுகிறாள். இங்கு மகளிரைக் குறிக்கும் சொல் ஆளப்படாமல் இளையோர் என்னும் பொதுச்சொல் ஆளப்படுவது கருதத்தக்கது. ஒருத்தியின் விருப்பம் அனைத்து இளையோர்க்குமான நெறியாக விரிக்கப்படுகிறது.

குடவாயிற் கீரத்தனாரின் அகநானூறு 60 அன்னையின் தரப்பைப் பதிவு செய்கிறது. உயர்மணற் கரையில் வண்டல் இழைத்து ஓரையாடினாலும் மகளின் ஒளி வாடும் எனச் சினப்பவள் அவள். களவை அறிந்தால், சோழர் குடந்தையில் வைத்த நிதியினும் இறுக்கமாக மகளைக் காவலில் வைப்பாள் எனக் கூறும் தோழி, அவளை அறமற்றவள் என்கிறாள்.

இரண்டையும் ஒப்பிட்டால் இரு முரண்கள் தெளிவாகின்றன. அன்னைக்கு வெளிவிளையாட்டு உடலைக் கெடுப்பது. தோழிக்கோ அதனை மறுப்பதே கேடு. ஒரு பாடலில் மகள் பூட்டிக் காக்கப்படும் நிதிக்கு ஒப்பாகிறாள். மற்றொன்றில் அடைத்து வைத்தலே மனையின் ஆக்கத்தைத் தேய்க்கிறது. இரு புலவரும் இற்செறிப்பை அளக்க அறம் என்னும் ஒரே அளவுகோலைக் கையாள்கின்றனர்.

சான்றின் வரம்பு

இப்பாடல்களைச் சமூகச் சட்டமாகவோ புலவரின் நேரடிக் கருத்தாகவோ கொள்ளலாகாது. இரண்டும் தோழி கூற்றுகள். தலைவியின் களவொழுக்கத்தைக் காப்பதும் தலைவனை வரைவை நோக்கிச் செலுத்துவதும் அவற்றின் நோக்கம். புதுநீராடும் விருப்பமும் தலைவனது குன்றில் பெய்த மழையோடு இணைந்ததே. மேலும், ஓரையாடுவோர் குழவிப்பருவம் கடந்த இளமகளிர். இன்றைய குழந்தை என்னும் கருத்தாக்கத்தோடு அவர்களை முழுதும் ஒப்பிட இயலாது. ஆயினும், ஒரு வாதம் கேட்போரிடம் எடுபட வேண்டுமாயின், அதன் அடிப்படை அவர்களுக்கு ஏற்புடையதாக இருத்தல் வேண்டும். இளையோர் வெளியே விளையாடுதல் முறை என்னும் எண்ணம் நிலவியிராவிடில், தோழி அதனை அன்னையின் முன் வைக்கத் தக்கதாகக் கருதியிருக்கமாட்டாள்.

முடிவுரை

ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக ஏற்றது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்குரிய அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாக விளையாட்டுத் திடலைச் சேர்த்துள்ளது. இவை களத்தை உறுதி செய்ய முனைகின்றன. களத்திற்குச் செல்லும் இசைவு யாருக்கு உண்டு என்பது வேறு வினா. பூப்பெய்திய பின் பெண்மக்களின் வெளிவிளையாட்டு சுருங்கும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறையவில்லை. திடல்களை எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடாமல், எந்த அகவையில் எந்தப் பிள்ளை திடலை விட்டு நீங்குகிறது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். வீட்டினுள் அடைத்தல் அறமன்று எனத் தோழி தொடுத்த வழக்கு, அவ்வாய்வுக்குத் தமிழ் மரபினுள்ளிருந்தே ஓர் அளவுகோலைத் தருகிறது.