டிராக்டர் என்ஜின் ஏறிய பிக்கப்

கனரக பிக்கப் வண்டிகளில் நம்பி வாங்கலாமா என்று பார்ப்பதா, உட்கார்ந்து ஓட்டச் சுகமா என்று பார்ப்பதா? அமெரிக்கப் பண்ணைக்காரர்களிடையே இது தீராத வழக்கு. அந்த வழக்கைச் சூடேற்றிய வண்டி, 1989இல் கம்மின்ஸ் டீசல் என்ஜினோடு வந்த டாட்ஜ் ராம்.

அன்றைக்கு டாட்ஜ் பிக்கப் சந்தையில் நொண்டிக்கொண்டிருந்தது. 1972இல் வந்த கேபினுக்கே 1981இல் ராம் என்று பெயர் வைத்து விற்றுவந்தார்கள். போட்டிக்காரர்களான ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் டீசல் வி8 வைத்திருந்தார்கள். புது வண்டி தயாராகவில்லை. ஆகவே பழைய வண்டிக்குள் புது என்ஜின்.

புதிது என்பதுகூடச் சரியில்லை. கம்மின்ஸ், டிராக்டர் கம்பெனியான கேஸோடு சேர்ந்து உருவாக்கிய பி வரிசை, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் அது. டிராக்டர் உழும்போது மணிக்கணக்காக முழுப் பாரத்தில் ஓட வேண்டும். கார் அப்படி ஓடுவதே இல்லை. அதற்கேற்றபடி கட்டியிருந்தார்கள். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு பேரிங். கேம் ஷாஃப்டைச் சுற்றுவது பல்சக்கரம். அறுந்துபோக பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. டீசல் நேராக பிஸ்டன் தலைமேலேயே பீய்ச்சப்படும், டர்போவும் உண்டு. குதிரைத்திறன் வெறும் 160, ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 இதை முந்திவிடும். ஆனால் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே சுமார் 540 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மாட்டு டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேடு ஏறுகிறவனுக்கு வேண்டியது அதுதான்.

எதனால் நம்பிக்கை வந்ததோ, அதனாலேயே சுகம் போயிற்று. நேரடி பீய்ச்சலால் அந்தக் கடகடச் சத்தம். ஜன்னல் வழியே சாப்பாடு விற்கும் கடைகளில் என்ஜினை அணைத்தால்தான் ஆர்டர் சொல்ல முடியும் என்பார்கள். என்ஜின் மட்டும் ஏறத்தாழ அரை டன். அதைத் தாங்க முன்பக்கம் விறைப்பான ஸ்பிரிங். சுமையில்லாமல் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் முதுகு கணக்கெடுக்கும். ஜாம்ஷெட்பூரில் தயாரான பி வரிசை என்ஜினை டாடா லாரிகளில் ஓட்டிப் பழகிய நம்மூர் டிரைவர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. 1988இல் புதுப்பித்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் இதற்குப் பக்கத்தில் சொகுசுக் கார்தான். ஆனாலும் டாட்ஜைத் தேடி வந்து வாங்கினார்கள்.

நம்பிக்கையிலும் ஓர் ஓட்டை உண்டு. டைமிங் கியர் உறைக்குள் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பின், அதிர்வில் கழன்று பல்சக்கரங்களுக்கிடையே விழுந்தால் உறையே உடையும். ஒரு சின்னத் தகட்டை போல்ட் போட்டு முடுக்கி அதைத் தடுப்பது வண்டிக்காரர்கள் கண்ட வைத்தியம்.

சுகம் 1994இல்தான் வந்தது: அகலமான புதுக் கேபின், நான்கு சக்கர இயக்க வண்டிக்கு முன்னால் காயில் ஸ்பிரிங், நடு இருக்கையை மடக்கினால் காகிதமும் லேப்டாப்பும் வைக்கப் பெட்டி. சத்தம் அடங்க 2003 மாடலின் காமன் ரெயில் என்ற டீசல் பீய்ச்சும் முறை வர வேண்டியிருந்தது. முதலில் துளி டீசலைத் தெளித்துவிட்டு மீதியை அனுப்புவதால் இடி தணிந்தது.

ஆனாலும் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கலாக இருக்கும், 1998க்கு முந்தைய இரைச்சல் வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத என்ஜினை வயல் நடுவே நின்றாலும் தாங்களே பிரித்துப் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம்.