போட்டிக் கைத்துப்பாக்கிகளில் விசைவில் இழுப்பு

விசைவில் இழுப்பு என்பது கைத்துப்பாக்கியின் விசைவில்லைச் சுட்டுவிரல் பின்னோக்கி நகர்த்தத் தொடங்குவது முதல், துப்பாக்கி சுட்டபின் அவ்வுறுப்பு தன் பழைய நிலைக்குத் திரும்புவது வரை விரலால் உணரப்படும் இயக்கம் முழுவதையும் குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இவ்வுறுப்பு டிரிகர் எனவும், நாளிதழ்களில் விசை எனவும் அழைக்கப்படுகிறது. இயற்பியலில் விசை என்ற சொல் வேறொரு பொருளில் நிலைபெற்றுவிட்டது. அப்பொருளும் இக்கட்டுரைக்குத் தேவைப்படுவதால் இங்கு விசைவில் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் விசைவில் இழுப்பின் தன்மை வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். குறிப்பாக, பாலிமர் (பல்லுறுப்பி) சட்டகம் கொண்ட கைத்துப்பாக்கிகள் படைத்துறைப் பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆதலால் அவற்றின் இழுப்பு போட்டியாளர்களுக்குப் பெரும்பாலும் நிறைவளிப்பதில்லை. இழுப்பு எவ்வளவு இலேசானதோ அவ்வளவு நல்லது எனப் பரவலாகக் கருதப்படினும், அது பிழையான கருத்தாகும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அளவு அழுத்தத்தில் விடுபடும் இழுப்பே நல்ல இழுப்பு எனப்படும்.

இழுப்பின் கட்டங்கள்

விரல் விசைவில்லைத் தொட்டதும் தொடங்கும் எதிர்ப்புக் குறைந்த பகுதி முன்நகர்வு ஆகும். அதன் முடிவில் விரல் ஓர் உறுதியான தடையை உணரும். சுடுவோர் இதனைச் சுவர் என்பர். சுவரைத் தொட்ட பின்னரும் விசைவில் சிறிது சிறிதாக நகருமாயின் அது ஊர்வு எனப்படும். உட்புறத்திலுள்ள தாங்கு கொக்கியின் உலோகப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்வதே ஊர்வுக்குக் காரணம். கொக்கி நழுவி அடிஊசி அல்லது சுத்தி விடுபடும் கணம் விடுபடு புள்ளி ஆகும். அதன்பின் தடையின்றி விரல் பின்னே செல்லும் தொலைவு மிகைநகர்வு. இறுதியாக, விரலைத் தளர்த்தும்போது விசைவில் எவ்வளவு தொலைவு முன்வந்தால் மறுபடி சுட இயலுமோ அத்தொலைவு மீள்நகர்வு எனப்படும். விரைவுப் போட்டிகளில் மீள்நகர்வு குறுகியதாயிருப்பது பயன் தரும். துல்லியப் போட்டிகளில் அதற்கு அவ்வளவு முதன்மை இல்லை.

எடையும் பிழையும்

விசைவில் இழுப்பு ஏன் குறியைக் கெடுக்கிறது என்பதை எளிய கணக்கினால் அறியலாம். க்ளாக் 17 வகைத் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தொலைவு 165 மில்லிமீட்டர். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் குண்டு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தள்ளிப் பாயும். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர் மட்டுமே. குண்டின் தடிமனைக் கணக்கில் கொள்ளாவிடின், முன்குறி 0.17 மில்லிமீட்டர் அசைந்தாலே பத்து கைநழுவிவிடும். காற்றுக் கைத்துப்பாக்கியில் குறிகளின் இடைவெளி ஏறத்தாழ 350 மில்லிமீட்டர், தொலைவு 10 மீட்டர், பத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். இங்கும் பொறுக்கத்தக்க அசைவு 0.2 மில்லிமீட்டரே. இரண்டும் வெவ்வேறு துப்பாக்கிகள், வெவ்வேறு போட்டிகள் ஆயினும் விரல் செய்யக்கூடிய பிழையின் எல்லை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது.

அடுத்ததாக, இழுப்புக்குத் தேவையான அழுத்தத்தைத் துப்பாக்கியின் எடையோடு ஒப்பிட வேண்டும். ஒரு காற்றுக் கைத்துப்பாக்கி ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுடையது. அதன் இழுப்பு 500 கிராம், அதாவது எடையில் பாதி. க்ளாக் 17 வெற்றுத் தோட்டாக்கூட்டுடன் ஏறத்தாழ 700 கிராம். அதன் இழுப்போ ஏறத்தாழ 2.5 கிலோகிராம், அதாவது எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல். விரல் நேர் பின்னோக்கி இழுக்காமல் சற்றே பக்கவாட்டில் அழுத்தினாலும் அப்பக்க விசை இலேசான துப்பாக்கியை எளிதில் திருப்பிவிடும். மேலும், விடுபடு புள்ளிவரை விரலின் அழுத்தத்தைக் கையின் பிடி ஈடுசெய்து நிற்கிறது. கொக்கி நழுவியதும் அந்த எதிர்ப்பு ஒரே கணத்தில் மறைவதால் விரல் பின்னே துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறுமுன் இத்துள்ளல் நிகழ்வதால் மிகைநகர்வைக் குறைப்பது பயனுடையதாகிறது.

பாலிமர் கைத்துப்பாக்கிகள்

பாலிமர் சட்டகம் கொண்ட முதல் கைத்துப்பாக்கி, செருமனியின் எக்லர் & கோக் நிறுவனம் 1970இல் வெளியிட்ட விபி70 ஆகும். இதன் இழுப்பு மிகக் கடினமானது எனப் பெயர் பெற்றது. 1982இல் ஆசுத்திரியப் படை க்ளாக் 17ஐ ஏற்றுக்கொண்ட பின்னரே இவ்வகை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் தேசியப் பாதுகாப்புப் படை இதனைப் பயன்படுத்துகிறது.

க்ளாக்கில் வெளிப்புறச் சுத்தி இல்லை. அடிஊசி பாதியளவு பின்னிழுக்கப்பட்ட நிலையில் நிற்கும். விசைவில்லை இழுக்கும்போது மீதிப் பகுதி பின்னிழுக்கப்படுவதோடு, மூன்று காப்பு உறுப்புகளும் ஒவ்வொன்றாக விலகும். இத்தனை வேலையையும் ஏறத்தாழ 12.5 மில்லிமீட்டர் நகர்வுக்குள் ஒரு விரல் செய்து முடிக்க வேண்டியிருப்பதே இழுப்பு கனமாகவும் சற்று மணற்தன்மையுடனும் இருப்பதற்குக் காரணம். இது குறைபாடு அன்று. பதற்றத்திலிருக்கும் காவலர் ஒருவர் அறியாமல் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக விரும்பியே செய்யப்பட்ட ஏற்பாடாகும். நியூயார்க் மாநிலக் காவல்துறைக்காக இதனினும் கடினமான வில் ஒன்று உருவாக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. முதல் இழுப்பும் பத்தாவது இழுப்பும் ஒரே தன்மையுடையவை என்பது இவ்வமைப்பின் சிறப்பு. இரட்டைச் செயல் சுத்தித் துப்பாக்கிகளில் முதல் இழுப்பு நீண்டு கனமாகவும், அடுத்தவை குறுகி இலேசாகவும் இருக்கும்.

பாலிமர் என்ற பொருளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது அடிக்கடி மிகைப்படுத்தப்படுகிறது. உராயும் உறுப்புகள் எல்லாம் எஃகினால் ஆனவை. எனினும் விசைவில்லே பாலிமரால் ஆனதாயின் அழுத்தத்தில் அது சிறிது வளையும். சுவர் உறுதியாக உணரப்படாமல் பஞ்சு போல் தோன்றும். சட்டகம் இலேசாயிருப்பதன் விளைவு மேலே கூறப்பட்டது. செயல்முறைச் சுடுதல் போட்டியாளர் பலர் முழு எஃகுத் துப்பாக்கிகளை நாடுவதற்கு இவ்வெடையே முதன்மைக் காரணம்.

மாற்றியமைத்தல்

1998இல் வெளிவந்த க்ளாக் 34 போன்ற போட்டி வடிவங்களில் குழலும் குறி இடைவெளியும் நீட்டப்பட்டு, இழுப்பு ஏறத்தாழ 2 கிலோகிராமாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலையே செய்து தரும் இத்தகைய மாற்றங்கள் நம்பகமானவை. இவையன்றி, துப்பாக்கிக் கம்மியர் உராயும் பரப்புகளை மெருகிடுதல், வில்களை மாற்றுதல், வளையாத உலோக விசைவில் பொருத்துதல், மிகைநகர்வுத் தடை அமைத்தல் ஆகியவற்றைச் செய்வதுண்டு. மெருகிடுதல் ஊர்வைச் சீராக்கும். ஆனால் இழுப்பின் அளவைப் பெரிதாகக் குறைக்காது.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அடிஊசி வில்லை வலுக்குறைத்தால் தோட்டாவின் எரியூட்டி பற்றாமல் போகலாம். கொக்கியின் பிடிப்பு அளவுக்கு மீறிக் குறைந்தால் துப்பாக்கி கீழே விழும்போது தானே சுட்டுவிடவும், ஒரு இழுப்புக்கு இரு முறை சுடவும் கூடும். காப்பு உறுப்புகளை நீக்கிப் பெறும் இலேசான இழுப்பைப் போட்டி நடுவர்களும் ஏற்பதில்லை.

போட்டி விதிகள்

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு இழுப்புக்கு மேல் வரம்பு விதிப்பதில்லை. கீழ் வரம்பே விதிக்கிறது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு 500 கிராமும், 25 மீட்டர் போட்டிகளுக்கு 1000 கிராமும் குறைந்தபட்ச அளவாகும். விரைவுச் சுடுதலுக்கு 1000 கிராம் வரம்பு 2005இல் வந்தது. 50 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு வரம்பே இல்லை; இப்போட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டது. இப்பிரிவில் 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் சித்து ராய் தங்கம் வென்றார். சோதனை முறை எளிது: குழலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, விசைவில்லில் உரிய எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும். கல் தரையை விட்டு எழும்முன் விசைவில் விடுபடக் கூடாது. போட்டி முடிந்த பின்னும் இச்சோதனை நடைபெறும். அதில் தவறினால் பெற்ற புள்ளிகள் அனைத்தும் வீணாகும். ஆகவே அனுபவமுள்ளோர் வரம்பைவிடச் சில கிராம்கள் கூடுதலாக வைத்துக்கொள்வர்.

செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பின் உற்பத்திப் பிரிவில் முதல் சுடுதலுக்குக் குறைந்தது 2.27 கிலோகிராம் என்ற விதி நெடுங்காலம் நிலவியது.

இந்தியாவில்

இந்தியக் கைத்துப்பாக்கி வீரர்களின் சாதனைகள் பெரும்பாலும் பாலிமர் துப்பாக்கிகளால் அன்றி, இலக்குச் சுடுதலுக்கென்றே உருவாக்கப்பட்ட துப்பாக்கிகளால் நிகழ்ந்தவை. படைத்துறைத் துப்பாக்கிக்கு மிக நெருங்கியது 25 மீட்டர் மையவெடிப் பிரிவு ஆகும். இதில் சச்பால் ராணா 1994 இரோசிமா, 2006 தோகா ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விசயகுமார் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் வெள்ளி வென்றார். ஐந்து இலக்குகளை 4 நொடிகளில் சுட வேண்டிய இப்போட்டியில் இழுப்பின் சீர்மை எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விசைவில் அமைப்பின் மற்றொரு முகத்தை மனு பாக்கரின் பட்டறிவு காட்டுகிறது. சில காற்றுக் கைத்துப்பாக்கிகளில் கொக்கிக்கு மாற்றாக மின்னணு விசைவில் உள்ளது. விரல் ஒரு மின்தொடுப்பை மட்டுமே இயக்குவதால் ஊர்வு இல்லை. ஒவ்வோர் இழுப்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மின்சுற்று பழுதானால் களத்தில் சரிசெய்வது கடினம். ஜூலை 25, 2021 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் அவரது துப்பாக்கியின் ஆயத்த நெம்புகோல் முறிந்ததாகவும், மின்னணு விசைச்சுற்றில் கோளாறு ஏற்பட்டதாகவும் செய்திகள் வெளிவந்தன. பழுதுபார்ப்பதில் ஏறத்தாழ 20 நிமிடம் கழிந்தது. கூடுதல் நேரம் தரப்படவில்லை. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம் பெற்ற அவர் இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்றை இழந்தார். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தனிநபர், கலப்பு இணை ஆகிய இரண்டிலும் வெண்கலம் வென்றதோடு, 1000 கிராம் இழுப்புடைய 25 மீட்டர் போட்டியில் நான்காம் இடமும் பெற்றார்.

இந்தியாவில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட வகையாதலால் க்ளாக் போன்றவை பொதுமக்களுக்கு எட்டுவதில்லை. காவல்துறையினருக்கிடையேயான போட்டிகளில் நிலைமை வேறு. 2023 ஜூனில் செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கம் சுடுதளத்தில் அகில இந்தியப் பெண் காவலர் துப்பாக்கி சுடும் போட்டி நடைபெற்றது. பொதுமக்களிடையே இவ்விளையாட்டின்பால் ஆர்வம் பெருக, 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் பதக்கங்கள் வென்றதும் ஒரு காரணம் எனலாம்.

ஆயுதச் சட்டம், 1959இன் 5ஆம் பிரிவின்படி சுடுகலன்களை உருவாக்குதல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றுக்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவில் போட்டியாளர் தம் வீட்டு மேசையில் செய்துகொள்ளும் வேலையை இங்கு உரிமம் பெற்ற கம்மியரிடமே ஒப்படைக்க வேண்டும். ஆனால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 0.177 அங்குலத்துக்கு மிகாத குழல் விட்டமும் உடைய காற்றுக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான காற்றுக் கைத்துப்பாக்கி இவ்வரம்புக்குள் அடங்குவதுடன், தொழிற்சாலையிலிருந்தே 500 கிராம் இழுப்புடன் வருகிறது.

எடுத்துக்காட்டாக, திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்தில் வாழும் மாணவர் ஒருவர் மாநகரச் சுடுதளங்களிலிருந்து வெகு தொலைவில் இருப்பினும், வெற்றுச் சுவரை நோக்கிக் குண்டின்றி விசைவில்லை இழுத்துப் பழகலாம். வெற்றுச் சுடுதல் எனப்படும் இப்பயிற்சியை முன்னணி வீரர்களும் நாள்தோறும் செய்கின்றனர். விடுபடும் கணத்தில் முன்குறி அசைகிறதா என்பதைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அக்கருவியைப் பாபநாசம் வனச் சோதனைச் சாவடியைத் தாண்டி எடுத்துச் செல்லக் கூடாது. அப்பால் உள்ளது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 31ஆம் பிரிவு முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் எவ்வித ஆயுதத்துடனும் நுழைவதைத் தடை செய்கிறது. காற்றுத் துப்பாக்கிக்கும் அதில் விலக்கில்லை.