இடுப்பிலிருந்து பள்ளி வாசல் வரை: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் பிள்ளை பார்ப்பும் பள்ளி நுழைவும்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தை பள்ளியில் சேர்ந்தபின் அதனை வளர்ப்பவரின் கடமை என்னவாகிறது என்னும் வினாவைக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தின் வரலாற்றில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இங்குப் பிள்ளை பார்ப்பு பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட செவிலியின் பணியாக இல்லாமல் பாட்டி, மூத்த பெண்குழந்தை ஆகியோரின் பணியாக இருந்தது. 1956இன் மதிய உணவுத் திட்டமும் 1982இன் சத்துணவுத் திட்டமும் அப்பணியின் ஒரு பகுதியைப் பொதுப் பொறுப்பாக மாற்றின. ஆயினும் பள்ளி நுழைவு பிள்ளை பார்ப்பை முடித்துவைக்கவில்லை. நாளின் பொழுதுகளாகப் பிரித்தது. பள்ளி ஏற்காத பொழுதுகளைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்குழந்தைகளே என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கரிசல், பிள்ளை பார்ப்பு, ஆயா, மதிய உணவு, சத்துணவு, தீப்பெட்டித் தொழில், பெண்கல்வி.

முன்னுரை

தமிழ் அக இலக்கிய மரபில் செவிலி தனியிடம் பெற்றவள். பாலூட்டி வளர்த்த அவளுடைய பொறுப்பு, தலைவி பருவமெய்திக் களவிலும் கற்பிலும் நிற்கும் காலம் வரை நீள்கிறது. அம்மரபில் செவிலியின் கடமை மாறும் எல்லை தலைவியின் மணமே. குழந்தையின் ஐந்தாம் அல்லது ஆறாம் வயதில் வளர்ப்பவரின் கடமை மாறுகிறது என்னும் எண்ணம், எல்லோருக்குமான பள்ளிக்கூடம் வந்தபின் தோன்றியதாகும்.

காலனியக் காலத்தில் ஐரோப்பியர் வீடுகளில் குழந்தை வளர்த்த பெண் 'ஆயா' என அழைக்கப்பட்டாள். போர்த்துக்கீசிய மொழிவழி இந்திய மொழிகளில் பரவிய இச்சொல் பின்னர் மருத்துவமனை, பள்ளி, பால்வாடி ஆகியவற்றின் பெண் ஊழியரையும் குறித்தது. ஆயாவை அமர்த்தும் வசதி கரிசல் காட்டுச் சிற்றூர்களில் மிகச் சிலருக்கே இருந்தது. எனவே இவ்வட்டாரத்தில் செவிலியின் வரலாற்றைத் தேடுவோர் வேலைக்காரர் பட்டியலில் அன்றி, வீட்டுத் திண்ணையிலும் காட்டு வரப்பிலும் தேட வேண்டியுள்ளது.

கரிசல் வீட்டில் பிள்ளை பார்ப்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் கரிசல் பூமி வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலமாகும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு; அதனைத் தொடர்ந்து களையெடுப்பு; தை தொடங்கிக் கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் அறுவடை; மாசி, பங்குனியில் பருத்தியெடுப்பு என வேலைகள் அடுத்தடுத்து வரும். இவற்றுள் களையெடுப்பும் பருத்தியெடுப்பும் பெண்களின் கைகளையே பெரிதும் நம்பியவை. மழை எப்போது வரும், எத்தனை நாள் வேலை இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாத நிலத்தில், வேலை கிடைக்கும் நாளைத் தாய் விட இயலாது.

ஆகவே கைக்குழந்தை காட்டுமரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலுக்கோ, வீட்டிலிருக்கும் பாட்டிக்கோ, அக்காவின் இடுப்புக்கோ சென்றது. பாட்டியும் காட்டுக்குச் செல்லும் வீடுகளில் எட்டு வயதுப் பெண்குழந்தையே அவ்வீட்டின் செவிலி. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையில் தாய் வேலைக்குச் சென்றபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் சிறுமி லட்சுமியே. கதையின் மையம் வரிபாக்கிக்காகக் கழற்றிச் செல்லப்பட்ட கதவு என்றாலும், அந்த வீட்டில் குழந்தையைக் காத்தவர் யார் என்பதையும் கதை இயல்பாகப் பதிவுசெய்கிறது. எவரும் வியப்படையாத அளவுக்கு அது வழக்கமாக இருந்தது.

இந்நிலையில் பள்ளி நுழைவுக்கு இரு முகங்கள் உண்டு. குழந்தை பள்ளி சென்றால் அதனைப் பார்த்துக்கொண்டவரின் சுமை குறையும். ஆனால் பார்த்துக்கொண்டவரே பள்ளி செல்ல வேண்டிய வயதினர் என்றால், அவர் பள்ளியிலிருந்து நின்றால்தான் அடுத்த குழந்தைக்கு ஆள் கிடைக்கும். மேலும் களையெடுப்புக் காலமும் பருத்தியெடுப்புக் காலமும் பள்ளி ஆண்டின் நடுவிலேயே வருகின்றன. தாய்க்கு வேலை மிகும் நாட்களே அக்காவின் வருகைப் பதிவேட்டில் இடைவெளி விழும் நாட்களாயின.

நண்பகல்: பள்ளி ஏற்ற பொழுது

சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்வது உடலைச் சார்ந்த பணி. தூக்குதல், ஊட்டுதல், கழுவுதல், உறங்கவைத்தல் ஆகியன பகல் முழுதும் தொடரும். பள்ளி நுழைவுக்குப் பின் இப்பணி நேரத்தைச் சார்ந்ததாக மாறுகிறது. காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புதல், நண்பகலில் சோறு தருதல், மாலையில் அழைத்துவருதல் எனப் பள்ளி மணியை ஒட்டி அது துண்டுபடுகிறது. இத்துண்டுகளுள் கரிசல் வீடுகளுக்கு மிகக் கடினமானது நண்பகல். தாய் காட்டில் இருப்பாள். குழந்தை பசியோடு வீடு திரும்பினால் கூழ் ஊற்றித் தர ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு பணியாற்றிய காலத்தில் உருவான மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. பாரதியின் பிறந்த ஊர் என்பதால் அவ்விடத் தேர்வு பெரிதும் நினைவுகூரப்படுகிறது. கரிசல் வட்டாரத்தின் நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. பசியால் குழந்தை பள்ளிக்கு வாராமை இத்திட்டத்தால் குறைந்தது என்பதே பொதுவாகப் பேசப்படுவது. அதனுடன், நண்பகலில் வீட்டில் ஒருவர் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. முதன்முறையாக, வீட்டுச் செவிலியின் கடமைகளுள் ஒன்று ஊரார் நன்கொடையாலும் அரசின் துணையாலும் பள்ளியின் கடமையாயிற்று.

ஆனால் பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு அத்திட்டத்தில் இடமில்லை. ஒரு வீட்டில் ஏழு வயதுச் சிறுவன் பள்ளியில் உண்ண, இரண்டு வயதுத் தம்பி அக்காவின் இடுப்பிலேயே இருந்தான். தம்பியை விட்டுவிட்டு அக்கா பள்ளிக்கு வர இயலவில்லை.

ஆயா பதவியும் அதன் எல்லையும்

இவ்விடைவெளியை நோக்கிய முயற்சிகள் பிற்காலத்தவை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. எம். ஜி. இராமச்சந்திரன் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், ஊரகங்களில் 2 வயது நிறைந்த குழந்தைகளைக் குழந்தைகள் நல மையங்களுக்கும், 5 முதல் 9 வயது வரையிலானோரைத் தொடக்கப்பள்ளிச் சத்துணவு மையங்களுக்கும் உரியவராக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 10 முதல் 15 வயதினருக்கும் அது விரிந்தது. இம்மையங்களின் பணிகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது.

இங்குக் கவனிக்க வேண்டியது பணியிட அமைப்பாகும். குழந்தைகள் நல மையத்தில் அமைப்பாளர், உதவியாளர் ஆகியோருடன் 'ஆயா' என்னும் பணியிடமும் இருந்தது. குழந்தைகளை வீட்டிலிருந்து அழைத்துவருதல், கை கால் கழுவிவிடுதல், உண்ணவைத்தல், உறங்கவைத்தல் ஆகியன அப்பணியின் இயல்பு. பள்ளிச் சத்துணவு மையத்திலோ அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்னும் பணியிடங்களே இருந்தன, ஆயா இல்லை. ஐந்து வயது நிறைந்த குழந்தைக்குச் சோறு தேவை, கை பிடிப்பவர் தேவையில்லை என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. வளர்ப்பவரின் கடமை பள்ளி வாசலில் முடிகிறது என அரசு வரைந்த கோடாக இதனைக் கொள்ளலாம்.

மக்கள் வழக்கு இக்கோட்டை ஏற்கவில்லை. 'பால்வாடி ஆயா' என்றதைப் போலவே பள்ளியில் சமைப்பவரையும் 'சத்துணவு ஆயா' என அழைப்பது பரவலான வழக்கு. உண்ண மறுத்த குழந்தையை அதட்டி உண்ணவைப்பவரும், விழுந்து அழும் குழந்தையைத் தூக்கி நிறுத்துபவரும் அவரே என்பதால் பெயரும் அவருடன் சென்றது. பதவிப் பெயர் சமையலை மட்டும் சொல்ல, ஊர் வழக்கு அவர் செய்த முழு வேலையையும் சொல்லியது. தொகுப்பூதியத்தில் தொடங்கிய இப்பணியாளர்கள் பல்லாண்டுக் காலம் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடியதன் பின்னணியில், கணக்கில் வாராத இவ்வேலையும் உண்டு.

தீப்பெட்டித் தொழிலும் கைமாறிய கடமையும்

பள்ளியும் மையமும் வந்தபின் அக்காவின் கைகள் விடுபட்டன என்றால், அவை எங்குச் சென்றன? இவ்வினாவுக்கு விடை தீப்பெட்டித் தொழிலில் உள்ளது. 1923இல் சிவகாசியில் வேரூன்றிய இத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி ஆகிய இடங்களிலும் பரவியது. குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், தாள் ஒட்டுதல் போன்ற கைவேலைகளை எண்ணிக்கைக் கூலிக்குச் செய்தவர்களுள் பெண்களும் சிறுமியரும் மிகுதி. மழை பொய்த்த ஆண்டுகளில் மானாவாரிக் குடும்பங்களுக்கு இக்கூலியே பிடிமானம். விடியும் முன்பே சிற்றூர்களுக்கு வந்த தொழிற்சாலைப் பேருந்துகள் சிறுமியரை ஏற்றிச் சென்றன.

குழந்தையைப் பார்த்துக்கொண்ட சிறுமி, அக்குழந்தை பால்வாடிக்கோ பள்ளிக்கோ சென்றதும் தானும் பள்ளிக்குத் திரும்புவாள் என்பது எதிர்பார்ப்பு. தீப்பெட்டிக் கூலி கிடைக்கும் ஊர்களில் அவளுக்கு முன்னால் வேறொரு வழி திறந்திருந்தது. பல ஆண்டுகள் பள்ளியை விட்டு விலகியிருந்தவள் தன்னிலும் இளையோருடன் கீழ் வகுப்பில் அமர வேண்டும். தொழிற்சாலையிலோ அன்றைய உழைப்புக்கு அன்றே கணக்கு உண்டு. கோவில்பட்டிப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படம் இவ்வாறு தீப்பெட்டி ஆலைக்குச் சென்ற சிறுமியரின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. தம்பியின் பள்ளி நுழைவு அக்காவின் பிள்ளை பார்ப்பை முடித்தது. அக்காவின் படிப்பை மீட்டுத் தரவில்லை.

மறுபுறம், தாயே தீப்பெட்டி வேலைக்குச் சென்ற வீடுகளில் பாட்டியின் கடமை விரிந்தது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் மாலையில் வழி பார்த்திருப்பதும் அவள் வேலையாயின. வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிய தாயருக்கோ பிள்ளை பார்ப்பும் கூலி வேலையும் ஒரே திண்ணையில் நடந்தன. பள்ளி விட்டு வந்த குழந்தையின் கைகளும் அவ்வேலையில் சேர்ந்தன.

சட்டம் கண்டதும் காணாததும்

தொழிற்சாலைகள் சட்டம், 1948, பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கக் கோரியது. முதலில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடங்களுக்கு எனவும், 1976இன் திருத்தத்துக்குப் பின் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு எனவும் வரையறை இருந்தது. சிறு பட்டறைகளும் வீட்டுத் திண்ணைகளும் இவ்வெண்ணிக்கையை எட்டாதவை. இச்சட்டத்திலும் ஆறு வயதே எல்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1986, தீப்பெட்டி உற்பத்தியைக் குழந்தைகளுக்குத் தடைசெய்யப்பட்ட தொழில்களுள் வைத்தது. 1996 டிசம்பரில் எம். சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சிவகாசித் தொழிலை முன்னிட்டு நாடு முழுமைக்குமான நெறிகளை வகுத்தது. 2006 அக்டோபர் முதல் 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு அமர்த்துவதும் தடைசெய்யப்பட்டது. இதனால் பிறர் வீட்டில் குழந்தை பார்க்கும் சிறுமி தொழிலாளி எனச் சட்டத்தால் அறியப்பட்டாள். தன் வீட்டில் அதே வேலையைச் செய்யும் சிறுமி அவ்வாறு அறியப்படவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோரைப் பள்ளிக்குரியவராக்கியபோதுதான், தன் வீட்டுச் செவிலியாக நின்றுபோன சிறுமியும் பள்ளியில் இருக்க வேண்டியவள் என்பது உறுதியாயிற்று.

காலையும் மாலையும்

அண்மைத் திட்டங்களையும் இதே நோக்கில் காணலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய்மாரின் வீடுகளில் காலை உணவு பெரும்பாலும் அக்காவின் அல்லது பாட்டியின் பொறுப்பு. அதன் ஒரு பகுதியைப் பள்ளி ஏற்றது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பள்ளி முடிந்தபின் மாலைப் பொழுதில் தன்னார்வலர் வழிக் கற்பித்தலை ஏற்பாடு செய்தது. நண்பகல், காலை, மாலை எனப் பொழுதுகள் ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து பொதுவெளிக்கு நகர்ந்துள்ளன. நண்பகலுக்கும் காலைக்கும் இடையே 66 ஆண்டுகள் கடந்தன.

முடிவுரை

கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் குழந்தையின் பள்ளி நுழைவு, வளர்ப்பவரின் கடமையை உடல் சார்ந்த பணியிலிருந்து நேரம் சார்ந்த பணியாக மாற்றியது. அரசு ஏற்ற பொழுதுகளில் கடமை குறைந்தது. ஏற்காத பொழுதுகளில் அது பாட்டியிடமும் மூத்த பெண்குழந்தையிடமும் தங்கியது. அரசின் பணியிட அமைப்பும் காப்பகச் சட்டமும் ஐந்து, ஆறு வயதோடு கை பிடிக்கும் பொறுப்பு முடிவதாகக் கருதின. காய்ச்சல் கண்ட நாளிலும் விடுமுறை நாளிலும் அப்பொறுப்பு முடியவில்லை.

எனவே இவ்வட்டாரத்தின் கல்வி வரலாற்றைப் பள்ளியில் சேர்ந்தோரின் எண்ணிக்கை கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. ஒரு குழந்தை பள்ளியில் அமர்ந்திருந்தபோது, அதன் தம்பியோ தங்கையோ யாருடைய இடுப்பில் இருந்தது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. அவ்வினாவுக்கான விடை வருகைப் பதிவேட்டில் இடம்பெற்ற பெயர்களைவிட, இடையில் நின்றுபோன பெண்குழந்தைகளின் பெயர்களிலேயே மிகுதியாகக் கிடைக்கும்.