கஜபாகுவின் பழைய பெயர்

அமெரிக்காவில் போருக்குப் போய்வந்த கிழவர்களைத் தலையில் இருக்கும் தொப்பியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முன்புறம் தாங்கள் வேலை பார்த்த கப்பலின் பெயரை நூலில் தைத்து வைத்திருப்பார்கள். கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக விற்று முப்பது வருடம் ஆகியிருக்கும். தொப்பி மட்டும் புதிதாக இருக்கும். கடற்படைக்காரர் தொப்பியைப் பார்த்தால் ஜனங்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். கடலோரக் காவல்படைக்காரர் என்றால் ஒரு கேள்வி சேர்ந்து வரும்: “நீங்கள் எல்லாமா வியட்நாம் போனீர்கள்?”

போனார்கள். சுமார் 8,000 பேர். அவர்களோடு போன கப்பல்களில் ஒன்று இன்று நமக்குப் பக்கத்தில், இலங்கைக் கடற்படையில் வேறு பெயரில் இருக்கிறது.

அதன் முதல் பெயர் ஷெர்மன். நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஏவண்டேல் கப்பல்கட்டுத் தளத்தில் கட்டினார்கள். 1967இல் தண்ணீரில் இறங்கியது. 1968 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. ஷெர்மன் என்றதும் உள்நாட்டுப் போரில் அட்லாண்டாவை எரித்த தளபதி நினைவுக்கு வருவார். அவர் இல்லை, இது அவருடைய தம்பி ஜான் ஷெர்மன்; நிதியமைச்சராக இருந்தவர். போர்க் கப்பலுக்கு நிதியமைச்சர் பெயர் ஏன் என்றால், கடலோரக் காவல்படை 1790 முதல் 1967 வரை பெரும்பாலும் நிதித்துறையின் கீழ்தான் இருந்தது. சுங்கவரி கட்டாமல் சரக்கு இறக்குகிறவர்களைப் பிடிக்கத்தான் அதை உண்டாக்கினார்கள். வரி வசூலிக்கப் பிறந்த படை என்பதால்தானோ என்னவோ, கடற்படைக்காரர்கள் இவர்களைக் கொஞ்சம் இளப்பமாகவே பார்ப்பார்கள்.

நீளம் 378 அடி. இந்த வகையில் பன்னிரண்டு கப்பல்கள். சாதாரண ஓட்டத்துக்கு டீசல் எஞ்சின். விரட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு கேஸ் டர்பைன்கள், போயிங் 707 விமானங்கள் சிலவற்றில் இருந்த எஞ்சினின் உறவுமுறை. டர்பைனை மூட்டினால் வேகம் மணிக்கு 29 கடல் மைலைத் தொடும். அணியத்தில் ஐந்து அங்குலப் பீரங்கி, பின்புறம் ஹெலிகாப்டர் இறங்கும் தளம்.

அந்தப் பீரங்கிக்கு வேலை வந்தது 1970இல். ஏன் வந்தது என்று தெரிய ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். 1965 பிப்ரவரியில் வுங் ரோ வளைகுடாவுக்கு மேலே பறந்த அமெரிக்க ஹெலிகாப்டர் விமானி ஒருவர் கீழே செடிகொடி மண்டிய சின்னத் தீவு ஒன்றைப் பார்த்தார். தீவு நகர்ந்தது. கிளைகளை வெட்டி மூடிக்கொண்டு நின்ற ஆயுதக் கப்பல் அது. வடக்கு வியட்நாம் 1961லேயே இதற்கென்று ஒரு படைப்பிரிவை அமைத்திருந்தது; 1962 அக்டோபரில் முதல் படகு தெற்குக் கோடியான கா மாவ் கரையில் ஆயுதம் இறக்கிவிட்டது. மீன்பிடிக் கப்பல் வேஷம், உள்ளே துப்பாக்கியும் வெடிமருந்தும், பிடிபட்டால் கப்பலையே தகர்த்துக்கொள்ள வெடிகுண்டு. பதிவு எண் எதையும் நிலையாக வைத்துக்கொள்ளாததால் வியட்நாமியர் அவற்றை ‘எண் இல்லாக் கப்பல்கள்’ என்றார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் கப்பல்களில் போய் உயிரோடு திரும்பிய கிழவர்கள் அங்கேயும் கூடி உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள்.

அந்தக் கப்பல்களைத் தடுக்கத்தான் ‘மார்க்கெட் டைம்’ என்ற கடற்காவல் ஏற்பாடு வந்தது. கரையோரத்துக்குச் சின்னப் படகுகள், நடுவே ‘கட்டர்’ எனப்படும் பெரிய காவல்படைக் கப்பல்கள், மேலே ரோந்து விமானங்கள். ஷெர்மன் போன்ற பெரிய கட்டர்கள் முப்பது, முறை வைத்து மாறி மாறிப் போயின. பெரும்பாலான நாள் சாகசம் ஒன்றும் கிடையாது. வெயில், ரேடார் திரை, எதிரே வருகிற சம்பான் படகை நிறுத்தி மீன்கூடையைக் கிளறிப் பார்ப்பது. (சம்பான் நமக்கும் புழக்கத்தில் உள்ள சொல்தான், கீழைக்கடல் முழுவதும் சுற்றிவந்த சொல்.)

1970 நவம்பர் 21 இரவு மெக்கோங் ஆற்று முகத்துக்கு அருகே அப்படி ஒரு எண் இல்லாக் கப்பல் கரையை நோக்கி ஓடியது. ஷெர்மனும், ரஷ் என்ற இன்னொரு கட்டரும், எண்டூரன்ஸ் என்ற கடற்படைக் கப்பலும் அதை மறித்தன. சுட்டு மூழ்கடித்தார்கள். ஷெர்மன் ஆட்கள் ஆயுளுக்கும் சொல்லிக்கொள்ள அந்த ஒரு இரவு போதுமானதாக இருந்தது. 2018இல் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தபோதும் அதே பெருமைதான் மேடையேறியது: எதிரிக் கப்பலை மூழ்கடித்தவற்றில் இன்னும் பணியில் இருக்கும் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டே, ஒன்று 1797இல் தண்ணீரில் இறங்கிய பாய்மரக் கப்பல் கான்ஸ்டிடியூஷன், மற்றது ஷெர்மன். சுட்ட பீரங்கி என்னவோ அப்போது கப்பலில் இல்லை. நவீனப்படுத்தும்போது அதை எடுத்துவிட்டு 76 மில்லிமீட்டர் பீரங்கி வைத்துவிட்டார்கள். பீரங்கி போனாலும் பெருமை கப்பலோடு நின்றது.

போருக்குப் பிறகான வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அலமீடா துறையை வீடாகக் கொண்டு பசிபிக்கில் ரோந்து. 2001இல் ஈராக் மீதான தடையை அமல்படுத்தப் பாரசீக வளைகுடா போய், அப்படியே உலகைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தது. 2007இல் பனாமா அருகே ஒரு சரக்குக் கப்பலில் பல டன் கொக்கெயினைப் பிடித்தது. கடலில் அதுவரை பிடிபட்டதில் மிகப் பெரிய அளவுகளில் ஒன்று. கடைசிக் காலம் ஹொனலுலுவில். 2018 மார்ச்சில் கொடி இறங்கியது.

இந்தப் பன்னிரண்டு பேரும் வயதான பிறகு எங்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பது தனிக் கதை. பிலிப்பைன்ஸ், நைஜீரியா, வங்கதேசம் என்று ஆளுக்கொரு திசை. மூழ்கடிப்பில் கூட இருந்த ரஷ் வங்கதேசக் கடற்படையில் சேர்ந்தது. எல்லாவற்றையும் விட வேடிக்கை மார்கெந்தோவுடையது. 1971 ஏப்ரலில் ரஷ்ஷோடு சேர்ந்து இன்னொரு ஆயுதக் கப்பலை மூழ்கடித்த கட்டர் அது. 2017இல் அமெரிக்கா அதைக் கொடுத்தது வியட்நாமுக்கு. எந்தக் கரைக்கு ஆயுதம் வராமல் தடுத்ததோ அந்தக் கரையையே இப்போது காவல் காக்கிறது. எண் இல்லாக் கப்பல்காரர்களின் நாட்டில் அதற்குப் பெயர் கிடையாது. 8020 என்று எண்தான் போட்டிருக்கிறார்கள்.

ஷெர்மன் இலங்கைக்கு. 2019 மே 12ஆம் தேதி கொழும்பு வந்தது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து சரியாக மூன்று வாரம். ஜூன் 6ஆம் தேதி ‘கஜபாகு’ என்று பெயர் சூட்டினார்கள்.

தமிழ் படித்தவர்கள் இங்கே சற்று நிற்பார்கள். இவன் நம் கயவாகு. வஞ்சியில் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்த அரசர்களில் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்கிறது சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை. அந்த ஒரு வரவை மகாவம்சத்தோடு பொருத்தித்தான் செங்குட்டுவனை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தினார்கள். சங்க காலத்துக்கு ஆண்டுக் கணக்குப் போட்டவர்கள் பிடித்துத் தொங்கிய கயிறு அது. சிங்களப் பழங்கதையில் வரும் கஜபாகு ஆளே வேறு. கடலைப் பிளந்து சோழ நாட்டுக்குள் புகுந்து, சிறைபிடிக்கப்பட்ட 12,000 பேரை மீட்டதோடு, மேலும் 12,000 சோழர்களைப் பிடித்துவந்த வீரன். நமக்கு விருந்தாளி, அவர்களுக்குப் படையெடுத்தவன். கப்பலுக்குப் பெயர் வைத்தவர்கள் மனதில் எந்தக் கஜபாகு இருந்தான் என்று யூகிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலிருந்து இலங்கைக்கு வந்த முதல் பெரிய கப்பல் இதுவும் இல்லை. 2004லேயே ‘கரேஜியஸ்’ என்ற கட்டர் வந்து ‘சமுதுர’ ஆனது. 2007இல் விடுதலைப் புலிகளின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் தேடிப்போய் மூழ்கடித்தபோது அந்த வேட்டையில் சமுதுரவும் இருந்தது. வேறு போர், வேறு கடல், அதே காட்சி: சரக்குக் கப்பல் வேஷம், உள்ளே ஆயுதம், மறித்து நிற்கும் பழைய அமெரிக்கக் கட்டர். மூழ்கிய கப்பல்களில் இருந்தவர்களைப் பற்றிப் பேசத் தொப்பி போட்ட கிழவர்கள் யாரும் இல்லை.

ராமேஸ்வரம் மீனவர்களை விரட்டுகிற ரகம் அல்ல கஜபாகு. அங்கே வருபவை சின்ன விரைவுப் படகுகள். இது ஆழ்கடலுக்கானது. ஆனால் அதன் பெயர் உலகத்தின் காதில் விழுந்தது கடல் சண்டையால் அல்ல. 2022 ஜூலை 9ஆம் தேதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த அன்று, துறைமுகத்தில் சிலர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கப்பலை நோக்கி ஓடும் காணொளி வெளிவந்தது. ஒரு கூட்டத்தார் சிந்துரல, கஜபாகு என்ற இரண்டு கடற்படைக் கப்பல்களில் ஏறித் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டதாகத் துறைமுக அதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார். காணொளி உலகம் முழுக்க ஓடியது. அமெரிக்காவிலும் பார்த்திருப்பார்கள். ஷெர்மன் என்று தைத்த தொப்பிக்காரர் எவரேனும் பார்த்திருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் நின்ற கப்பலைத்தான் உற்றுப் பார்த்திருப்பார்.