நீள அலகு மாற்றம்: அணு முதல் அண்டம் வரை

நீள அலகு மாற்றம் என்பது ஓர் அலகில் சொல்லப்பட்ட நீளத்தை, நீளம் மாறாமல், வேறோர் அலகில் எழுதுவது. மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக்குவதில் சிரமம் ஏதும் இல்லை. அணுவுக்கு ஆங்ஸ்ட்ரம், அணுக்கருவுக்கு ஃபெர்மி, கோள்களுக்கு வானியல் அலகு, விண்மீன்களுக்கு ஒளியாண்டும் பார்செக்கும் எனத் துறைக்கோர் அலகு புழங்கும் இரு கோடிகளில்தான் தனிக் கவனம் வேண்டும். இவற்றுள் சில மீட்டரிலிருந்து பிறந்தவை அல்ல. பின்னாளில் மீட்டரோடு இணைக்கப்பட்டவை.

வழிமுறை

எந்த இரு அலகுகளுக்கும் நடுவே மீட்டரை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கொடுத்த அளவை மீட்டராக்கி, வேண்டிய அலகின் மீட்டர் மதிப்பால் வகுக்க வேண்டும். எண்களைப் பத்தின் அடுக்கில் எழுதினால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டவும் வகுக்கும்போது கழிக்கவும் செய்தால் போதும். ஹைட்ரஜன் அணுவின் போர் ஆரம் 0.529 ஆங்ஸ்ட்ரம், அதாவது 5.29 × 10⁻¹¹ மீட்டர். ஒரு பார்செக் 3.086 × 10¹⁶ மீட்டர். 5.29-ஐ 3.086-ஆல் வகுக்க 1.71, அடுக்கு −11-இலிருந்து 16 போக −27. ஆகவே போர் ஆரம் 1.71 × 10⁻²⁷ பார்செக். யாருக்கும் பயன்படாத விடைதான், ஆனால் எல்லா மாற்றங்களுக்கும் முறை இதுவே. அலகு பெரிதானால் எண் சிறிதாக வேண்டும் என்று ஒருமுறை சரிபார்த்தாலே பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்த பிழை தெரிந்துவிடும்.

பழந்தமிழ்க் கணக்கிலும் நுண்மையில் தொடங்கித் தொலைவு வரை ஏறும் நீட்டல் வாய்பாடு உண்டு. அது அணுவில் தொடங்கி எட்டு எட்டாகப் பெருகி எள், நெல் வழியே விரலை அடையும். விரலிலிருந்து சாணுக்கு 12, சாணிலிருந்து முழத்துக்கு 2 என்று அதன்பின் படிக்குப் படி பெருக்கம் மாறும். பன்னாட்டு அலகு முறையில் எல்லாப் படிகளும் பத்தின் அடுக்குகளே. 1960-இல் பிக்கோ (10⁻¹²) முதல் டெரா (10¹²) வரை இருந்த முன்னொட்டுகள், 2022-இல் குவெக்டோ, குவெட்டா ஆகியவை சேர்ந்த பிறகு 10⁻³⁰ முதல் 10³⁰ வரை நீள்கின்றன. ஆனாலும் துறையினர் பழைய அலகுகளை விடுவதில்லை. ஓர் ஒளியாண்டு 9.46 பெட்டாமீட்டர் என்று எழுதும் வானியலாளரைக் காண்பது அரிது. 1879-இல் ஏற்கப்பட்ட மைக்ரான் 1967-இல் முறைப்படி கைவிடப்பட்டது. நெகிழிப் பைகளுக்கான இந்திய விதியோ இன்றும் 120 மைக்ரான் என்றே பேசுகிறது. அது 0.12 மில்லிமீட்டர்.

மீட்டரோடு இணைந்த கதை

சுவீடனின் ஆண்டர்ஸ் யோனாஸ் ஆங்ஸ்ட்ரம் 1868-இல் சூரிய நிறமாலையின் அலைநீளங்களை மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு பட்டியலிட்டார். ஆனால் அலைநீளங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் இருந்த துல்லியம், மீட்டர் கோலோடு ஒப்பிடும்போது கிடைக்கவில்லை. எனவே 1907-இல் காட்மியத்தின் சிவப்புக் கோடு 6438.4696 ஆங்ஸ்ட்ரம் என்று வைத்து, மீட்டரைச் சாராமலே அந்த அலகு வரையறுக்கப்பட்டது. 1960-இல் மீட்டரே கிரிப்டானின் ஒளி அலையால் வரையறுக்கப்பட்டபின் ஆங்ஸ்ட்ரம் மீண்டும் மிகச் சரியாக 10⁻¹⁰ மீட்டர் ஆயிற்று.

இதைவிடச் சுவையானது எக்ஸ் அலகு. எக்ஸ்கதிர் அலைநீளங்களை அளக்க மான்னே சீக்பான் கால்சைட் படிகத்தின் அணுத்தள இடைவெளியை அளவுகோலாகக் கொண்டார். அலகு 10⁻¹³ மீட்டராக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அந்த இடைவெளியின் மீட்டர் மதிப்பு எலக்ட்ரானின் மின்னூட்டத்தைச் சார்ந்தது. மில்லிகன் தந்த மின்னூட்ட மதிப்பில், காற்றின் பாகுநிலையைச் சற்றுத் தவறாக எடுத்துக்கொண்டதால், சிறு பிழை இருந்தது. கீற்றணிகளால் நேரடியாக அளந்தபோது எக்ஸ் அலகு 0.2 விழுக்காடு பெரியது என்று தெரிந்தது. பழைய எக்ஸ்கதிர் அட்டவணைகளை இன்று பயன்படுத்துபவர் 1.002-ஆல் பெருக்கியே தீர வேண்டும்.

மறுகோடியிலும் இதே நிலைதான். கெப்ளரின் விதிகளால் கோள்களின் தொலைவு விகிதங்கள் தெரிந்திருந்தன. சூரியன் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது தெரியவில்லை. வெள்ளி சூரியனுக்கு முன்னே கடந்த 1761, 1769 இடைநகர்வுகளை உலகின் பல மூலைகளுக்கும் சென்று பார்த்தது அந்த ஒரே மாற்றுக் காரணிக்காக. 1961-இல் வெள்ளியிலிருந்து ரேடார் எதிரொலி கிடைத்ததும் துல்லியம் பன்மடங்கு உயர்ந்தது. 2012-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வானியல் அலகை 1,49,59,78,70,700 மீட்டர் என்று வரையறுத்துவிட்டது. ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று 1983 முதல் நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், 365.25 நாள் கொண்ட ஆண்டோடு ஒளியாண்டும் நிலையானது. பார்செக் என்பது ஒரு வானியல் அலகு நீளம் ஒரு விகலைக் கோணமாகத் தெரியும் தொலைவு. 2,06,265 வானியல் அலகு அல்லது 3.26 ஒளியாண்டு. இடமாறு கோணத்தின் தலைகீழே பார்செக்கில் தொலைவு என்பது அதன் பெருவசதி. பிராக்சிமா சென்டாரிக்குக் கோணம் 0.768 விகலை, எனவே தொலைவு 1.30 பார்செக்.

இரு கோடிகளும் சந்திக்கும் கணக்குகள்

2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த ஈர்ப்பலை ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து, அதாவது 10²⁵ மீட்டர் அளவிலான தூரத்திலிருந்து வந்தது. அது அக்கருவிகளின் 4 கிலோமீட்டர் நீளக் குழாயை மாற்றிய அளவு 10⁻²¹ பங்கு. நீளத்தில் 4 × 10⁻¹⁸ மீட்டர். புரோட்டானின் விட்டத்தில் 400-இல் ஒரு பங்குதான்.

அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி இன்னொரு வகை. நொடிக்கு 70 கிலோமீட்டர், ஒரு மெகாபார்செக்குக்கு என்று அதைச் சொல்வார்கள். ஒரு மெகாபார்செக் 3.086 × 10¹⁹ கிலோமீட்டர் என்று இட்டால் இரு நீளங்களும் அடிபட்டு நொடிக்கு 2.27 × 10⁻¹⁸ மிஞ்சும். அதன் தலைகீழ் சுமார் 1,400 கோடி ஆண்டு. அண்டத்தின் வயதுக்கு மிக அருகில். 1929-இல் ஹபிள் பெற்ற மதிப்பு 500-ஐ ஒட்டியது, அது 200 கோடி ஆண்டு வயதையே தந்தது. புவியே 450 கோடி ஆண்டுப் பழையது! அலகு மாற்றத்தில் பிழை இல்லை. விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள்தான் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தன.

வழக்கமான பிழைகள்

மாற்றுக் காரணி துல்லியமாக இருப்பதால் அளவும் துல்லியமாகிவிடாது. 4.25 ஒளியாண்டைக் கணிப்பான் 4,02,08,10,45,08,468 கிலோமீட்டர் என்று காட்டும். முதல் மூன்று இலக்கங்களுக்கு மேல் அதில் செய்தி இல்லை. 4.02 × 10¹³ என்றுதான் எழுத வேண்டும். செய்திகளைத் தமிழாக்கும்போது பில்லியனைக் கோடியென்று வைப்பது நூறு மடங்கு பிழை. பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

பரப்புக்குக் காரணியின் வர்க்கமும் கன அளவுக்கு முப்படியும் வேண்டும். ஒரு கன பார்செக் 2.94 × 10⁵⁵ கன சென்டிமீட்டர். கணினியின் 32 பிட் தசம எண் 10³⁸-ஐச் சற்றே தாண்டியதும் நின்றுவிடும் என்பதால் இந்த மாற்றமே அதில் இயலாது. விண்மீன் மண்டலங்களைக் கணினியில் உருவகப்படுத்துபவர்கள் கிலோபார்செக், சூரிய நிறை போன்றவற்றையே 1 என்று வைத்துக் கணக்கிட்டு, முடிவை எழுதும்போது மட்டும் வழக்கமான அலகுக்கு மாற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.