வில்லிபுத்தூர்க் காவியமும் ராஜபாளையத்துப் பண்டிதரும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பஸ்ஸில் அரைமணிப் பிரயாணந்தான். ஆயினும் முன்னதில் வளர்ந்த, ஆண்டாள் எனப்படும் கோதையின் சரித்திரம் விஜயநகர சக்கரவர்த்தியின் கையில் தெலுங்குக் காவியமாகி, பின்னதில் பிறந்த ஒருவரால் தமிழுக்கு வந்து சேர நாலரை நூற்றாண்டுகளுக்குமேல் சென்றன.

1509 முதல் 1529 வரை அரசாண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிதீரத்து ஸ்ரீகாகுளத்தில் தங்கியிருக்கையில், ஆந்திர மகாவிஷ்ணு சொப்பனத்தில் தோன்றி, சூடிக் கொடுத்தவளுடைய கல்யாணத்தைத் தெலுங்கிலே பாடும்படி பணித்ததாக அவரே தம் நூலின் முகப்பில் கூறுகிறார். அவ்வாறு எழுந்த ‘ஆமுக்த மால்யதா’, நெடுந்தொடர்ச் சமஸ்கிருதச் சொற்கள் அடர்ந்து, தெலுங்குப் பண்டிதர்களே உரையைத் துணைக்கொண்டு படிக்கவேண்டிய கடின நடையுடையது. ஆனால் அந்த அடர்த்தியை விலக்கிப் பார்ப்பவருக்கு வில்லிபுத்தூர் கண்முன்னே வந்து நிற்கிறது: விடியற்காலையில் வாய்க்காலோரம் அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் வாத்துகளை, நீராடிய அந்தணர் பிழிந்து வைத்து மறந்துபோன வேஷ்டிகள் என்றெண்ணி, உரியவரிடம் சேர்ப்பிக்கக் காவற்காரர் இறங்குகிறார்கள்; வாத்துகள் கலைந்தோட, வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். சிங்காதனத்தில் இருந்தவர் இதைக் கவனித்தார் என்பதுதான் ஆச்சரியம்!

விஜயநகர ஆட்சியை ஒட்டித் தெற்கே வந்து ராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்களின் இல்லங்களில் இன்றும் தெலுங்கே பேச்சு. வீதியிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழே வழங்குவதால், தாய்ப்பாஷையைச் சரளமாகப் பேசுவோரில் பலருக்கு அதன் எழுத்து வாசிக்கவராது. ஆகவே பக்கத்து ஊரைப் பாடிய மகாகாவியம், தெலுங்கறியாத வில்லிபுத்தூராருக்கு மட்டுமன்றி, தெலுங்கு பேசும் ராஜபாளையத்தாருக்கும் பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது.

‘ஆமுக்த மால்யதா’வைத் தமிழாக்கி இந்நிலையை மாற்றியவர் மு. கு. ஜகந்நாத ராஜா (1933–2008). தமிழும் தெலுங்கும் பிறப்பிலேயே வாய்த்தும் அவ்வளவில் அமையாமல், சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், கன்னடம், மலையாளம் என்று பாஷைக்குப் பாஷை சொற்களைத் தேடிச் சென்ற அவருடைய ஆசையை வெறும் கல்விப் பயிற்சி என்று கூற எனக்கு மனம் வரவில்லை. ராயரின் தொடர்களைப் பிரிக்கச் சமஸ்கிருதம் வேண்டும். கோதையும் அவள் தந்தை விஷ்ணுசித்தரும் பேசும்போது ஆழ்வார்களின் தமிழ் காதில் ஒலிக்கவேண்டும். இரண்டும் ஒருவரிடம் கூடியிருப்பது அபூர்வம். சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசை முதன்முதலாக வழங்கிய 1989-இல், தமிழுக்குரிய பரிசு இத்தமிழாக்கத்துக்கே கிடைத்தது. தமிழிலிருந்து முத்தொள்ளாயிரத்தைத் தெலுங்குக்குக் கொண்டுசென்றவரும் அவரே.

எனினும் பரிசு பெற்ற நூலைக் காட்டிலும் எனக்கு அதிக வியப்பளிப்பது, சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் பிராகிருத நூலான ‘காதா சப்தசதி’யை அவர் தமிழாக்கியதுதான். தெலுங்கைக் கற்றுக்கொள்ள வீட்டுத் திண்ணை போதும். பிராகிருதத்தைப் பேசுவதற்கு இன்று ஒரு வீடும் இல்லை. இலக்கணத்தையும் அகராதியையும் தவிர வேறு ஆசிரியரில்லாத அந்தப் பாஷையின் எழுநூறு பாட்டுகளுக்குள்ளே, பிரிவாற்றாத தலைவியும், அவளுக்காகப் பரிந்து பேசும் தோழியும், பொருள்தேடிச் சென்ற கணவனும் நடமாடுகிறார்கள். குறுந்தொகை படித்த தமிழர் எவரும் இவர்களை உடனே இனங்கண்டுகொள்வார்.