ஒரு சிலிங்குக்குப் பதிலாக: எமது பாடசாலையும் சபைத் தொண்டர்களும்

நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட விடயம், எமது மாணவிகள் திருச்சபைக்கு ஊதியமின்றி ஆற்றிய தொண்டின் வரலாறு. இதற்காகச் சங்கத்தின் பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நாம் மூவர் பல சனிக்கிழமைகள் இருந்தோம். தலைவிகள், செயலாளர்கள், தனாதிகாரிகளின் பெயர்கள் ஆண்டுவாரியாக ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் ஒளிவிழா, அறுவடைப் பண்டிகை, ஞாயிறு பாடசாலை என்று வரும் இடங்களில் பெரும்பாலும் ஒரே வசனந்தான்: சகோதரிகள் பலர் உதவினர். அந்தப் பலர் யார் என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கதை எமது பாடசாலைக்கு முன்னரே தொடங்குகிறது. 1780ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் றொபேட் றேய்க்ஸ் என்ற பத்திரிகை உரிமையாளர், வாரம் முழுவதும் வேலைசெய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத வாசிக்கவும் வேதம் படிக்கவும் வழிசெய்தார். அவருக்கு முன்னரும் சிலர் இதைச் செய்திருந்தனர். அவர்களுள் 1769இல் ஹைவிக்கம் நகரில் பிள்ளைகளைக் கூட்டிய ஹன்னா போல் என்ற பெண்ணும் ஒருவர். நாம் பலரும் அறியாத ஒன்று, றேய்க்ஸின் முதல் ஆசிரியைகள் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்பது. ஒரு ஞாயிற்றுக்கு ஒரு சிலிங். பாடசாலைகள் ஊரூராகப் பெருகியபோது அந்தச் சிலிங்கை எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதவில்லை. கூலியின்றிக் கற்பிக்க முன்வந்தோரே பின்னர் அவ்வியக்கத்தைத் தாங்கினர்.

சிலிங் நின்ற பின்னரும் ஆசிரியைகள் ஞாயிறுதோறும் வந்ததற்குக் காரணம் என்ன? அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கிடைத்தது? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே எமது சொந்த வரலாற்றையும் பார்த்தோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். 1840இல் இலங்கைக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் அங்கே சுமார் நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். தாமாகப் பிள்ளை பெறாத அவரை ஆயிரம் பெண்களின் தாய் என்று அழைத்தனர். முதலில் படித்த மாணவிகளின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அவர் கற்பித்திருக்கிறார். அவரிடம் படித்த பலர் ஆசிரியைகளாகவும் வேதாகமப் பெண்களாகவும் கிராமங்களுக்குச் சென்றனர். இன்ன வீட்டுப் பிள்ளை, இன்னாருடைய மகள் என்று அறிந்து ஒருத்தியை வேலைக்கு அழைப்பது எமது நாட்டில் அன்றே வழக்கத்துக்கு வந்துவிட்டது.

எமது பாடசாலையிலும் அவ்வழக்கமே இருந்தது. ஞாயிறு பாடசாலைக்கு ஆள் தேவை என்று ஆலயத்தில் அறிவித்ததாக எமக்கு நினைவில்லை. விடுதிக்குப் பொறுப்பான ரீச்சர் சாப்பாட்டு மண்டபத்தில் எம் பக்கத்தில் வந்து நிற்பார். “பிள்ளை, நீர் சின்னதுகளோடை நல்லாய்க் கதைக்கிறீர். வாற ஞாயிறு என்னோடை வாரும்,” என்பார். இல்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. எம்மிடம் உள்ள ஏதோ ஒன்றை ஒருவர் கவனித்துவிட்டார் என்ற மகிழ்ச்சிதான் முதலில் எம்மை அந்தக் கிராமத்து ஓலைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் விட்டது.

போன முதல் நாளே பாடம் நடத்த விடமாட்டார்கள். இடாப்புக் கூப்பிடுவது, படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அழுகிற பிள்ளையை வெளியே கூட்டிச்சென்று தண்ணீர் கொடுப்பது என்று ஒரு தவணை போகும். அடுத்த தவணை ஒரு கதை சொல்லலாம். சனிக்கிழமை மாலையில் ரீச்சரின் முன்னால் அந்தக் கதையைச் சொல்லிக் காட்டவேண்டும். பிழை விட்டால் அங்கே திருத்துவார். பிள்ளைகளின் முன்னால் ஒருபோதும் திருத்தமாட்டார். பின்னாளில் எம்மிற் பலர் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் நிருவாகிகளாகவும் ஆனோம். வேலை பழக்குவது எப்படி என்பதை நாம் பயிற்சிக் கலாசாலையில் கற்குமுன் அந்தக் கொட்டிலிற் கற்றுவிட்டோம்.

கொடுக்கக் காசில்லாத வீடுகளுக்குப் பிடியரிசி இருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடுவார்கள். மாதமுடிவில் அதைச் சேர்க்க ஒழுங்கைக்கு ஒருவராகப் பெண்கள் போவார்கள். அரிசியைவிட அந்த நடைதான் பெரிது என்று எமது அம்மாமார் சொல்வார்கள். யார் வீட்டிற் சுகமில்லை, யார் வீட்டிற் பானை வெறுமையாய் இருக்கிறது என்பதெல்லாம் அந்த நடையிலேதான் சபைக்குத் தெரியவரும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது ஆலயங்களும் பாடசாலைகளும் அகதி முகாம்கள் ஆயின. நாம் தங்கியிருந்த இடத்தில் எமது பழைய மாணவி ஒருவர், தாமும் இடம்பெயர்ந்து வந்தவர், ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து முறைப்பட்டியல் போட்டார். காலையில் கஞ்சிக்கு யார், கிணற்றடியில் யார், காய்ச்சற்காரருக்கு யார் என்று எழுதினார். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு முறைதான். கைக்குழந்தை உள்ளவருக்கு இரவு முறை இல்லை. அவரை எவரும் தலைவியாகத் தெரிவுசெய்யவில்லை. தம் பெயரையும் அந்தப் பட்டியலில், மலசலகூடம் கழுவும் இடத்தில், அவர் எழுதியிருந்தார். அதைக் கண்ட பின்னர் முறைக்கு வரத் தவறியவர் எவரும் இல்லை.

ஆனால் இவ்வரலாற்றை இனிப்பாக மட்டும் எழுதினால் அது உண்மையாகாது. எமது சபையில் ஆர்மோனியம் வாசித்த அக்கா ஒருவர் இருந்தார். நாம் பாவாடை சட்டையுடன் பாடிய காலத்திலும் அவர்தான். எமது பிள்ளைகள் பாடிய காலத்திலும் அவர்தான். நத்தார், உயிர்த்த ஞாயிறு, கலியாணம், மரணவீடு எதையும் அவர் தவறவிட்டதில்லை. “அக்கா இருக்கிறா தானே,” என்பதே எமது திட்டமாக இருந்தது. அவருக்கு உதவியாக ஒருவரைப் பழக்கவேண்டும் என்றோ, ஒரு வருடம் ஓய்வு கொடுக்கவேண்டும் என்றோ நாம் நினைக்கவில்லை. விரல்கள் வீங்கிய காலத்திலும் அவர் வாசித்தார். அவருடைய அடக்க ஆராதனையில் வாத்தியம் வாசிக்க ஆளில்லாமல், இசையின்றிப் பாடினோம். பாட்டின் நடுவிலேதான் எமக்கு வெட்கம் வந்தது.

இப்போது கூட்டறிக்கைகளில் அவர் பெயரைத் தேடினோம். ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது: ஆர்மோனியத்தின் துருத்தி பழுது என்று அவர் அறிவித்ததாக. அத்தனை ஆண்டுகளுக்கும் நன்றி சொல்லி எழுதிய ஒரு வரியும் இல்லை. பதவி விட்டுச் செல்லும் உத்தியோகத்தருக்குப் பொன்னாடை போர்த்தினோம்; பதவியே இல்லாதவர் பதவி விட்டுச் செல்வதுமில்லை, பொன்னாடை பெறுவதுமில்லை.

உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுவோம். அதில் அதிகம் இருப்பவை பெயர்கள். மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே பெபேயாளைப் பற்றி ஊர்ப் பெயருடன், அவர் செய்த உதவியுடன் எழுதுகிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற நான்கு பெண்களையும் பெயர் சொல்லி, பிரயாசப்பட்டவர்கள் என்று குறிப்பிடுகிறார். பலர் உதவினர் என்று ஒரே வரியில் அவர் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

இன்று எமது மாணவிகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் தமிழ்ச் சபைகளின் ஞாயிறு பாடசாலைகளைத் தாங்குகின்றனர். அங்கே பிள்ளைகளுடன் பணிசெய்ய முன்வருவோரிடம் பின்னணிச் சான்று கேட்கிறார்கள். முப்பது வருடம் கற்பித்த ஓர் அக்கா, தம்மைச் சந்தேகிக்கிறார்களோ என்று மனம் நொந்து எமக்கு எழுதினார். அது அவர்மீதுள்ள சந்தேகம் அல்ல, பிள்ளைகளுக்கான காவல் என்று முன்கூட்டியே ஒருவர் அருகிலிருந்து விளக்கியிருந்தால் அவர் நொந்திருக்கமாட்டார். அடுத்த தலைமுறையை அழைப்பதும் அப்படியே. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுக்காது. ஒரு தவணைக்கு வா என்றால் வரும். தவணை முடிந்ததும் மெய்யாகவே விட்டுவிட்டால் மறுபடியும் வரும்.

ஆகவே சிலிங்குக்குப் பதிலாக என்ன என்ற கேள்விக்கு எமது நூறு ஆண்டுகள் தரும் விடை எளியது. பெயர் சொல்லி அழைத்தார்கள். சிறிய வேலையிலிருந்து பழக்கினார்கள். அழைத்தவரும் கூடவே வேலைசெய்தார். இவை இருந்த இடங்களில் தொண்டு தழைத்தது. இளைப்பாற விடுவதிலும் நன்றியை எழுதி வைப்பதிலும் நாம் தவறினோம். அந்தத் தவறு எம்முடையது.

இதைத் திருத்தும் சிறு முயற்சியாக ஒரு கொப்பியைத் தொடங்கியிருக்கிறோம். ஆலயத்தில் பூ அடுக்கியவர், ஒளிவிழாவுக்கு இறக்கைகள் தைத்தவர், பிடியரிசி சேர்த்தவர், நோயாளர் வீட்டுக் கதவைத் தட்டியவர் என்று உங்களுக்குத் தெரிந்த பெயர்களை, அவர்கள் செய்த வேலையுடன், சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். உயிரோடு இருப்பவராயின் அவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் ஆர்மோனிய அக்காவின் பெயரை எழுதிவிட்டோம். மற்றப் பக்கங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.